உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை

விருத்தாசலத்திலிருந்து சேலம் நோக்கி மேற்கே செல்லும் சாலையும், சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது வேப்பூர். சுற்றிலும் மானாவாரி நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பூமி. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தையால் இவ்வூரின் பெயர் பல ஜில்லாக்களுக்குப் பரிச்சயம். கிழக்கே விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில், அச்சுகளில் களிமண் கூழை வார்த்துப் பொம்மைகளும் அகல் விளக்குகளும் செய்வோரும், ஆயிரம் டிகிரிக்கு மேல் கனலும் சூளைகளில் சரக்கை ஏற்றி இறக்குவோரும் ஜீவனம் நடத்துகிறார்கள். பருத்தி எடுக்கக் குனிந்த முதுகும், மக்காச்சோள மூட்டையைச் சுமந்த தோளும், நாள் முழுவதும் குந்தியிருந்து பொம்மைக்கு வர்ணம் தீட்டியவளின் முழங்காலும் பொழுது சாயும்போது வலிக்கத்தான் செய்யும். விடிந்தால் மறுபடியும் கூலிக்குப் போயாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் அவ்வலியோடு சேர்ந்தே இருக்கும்.

அந்த நிர்ப்பந்தத்துக்கு நம் ஊர்ப்புறங்களில் எங்கும் வழங்கிவரும் பரிகாரம் ஒன்று உண்டு. மருந்துக் கடையின் முன் நின்று, "அண்ணே, உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். டைக்ளோபினாக் ஒன்று, பாராசிட்டமால் ஒன்று, வயிற்றுக்கென்று ஒன்று, சில சமயங்களில் பெயர் சொல்லப்படாத சின்னஞ்சிறு மாத்திரை ஒன்று எனக் கத்தரித்துச் சேர்த்த துண்டுகள் ஒரு காகித உறையில் கைக்கு வந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால், ஒரு மணி நேரத்தில் வலி அடங்குகிறது, தூக்கமும் வருகிறது. டைக்ளோபினாக் என்பது வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று சட்டத்தின் எச் அட்டவணையில் சேர்க்கப்பட்ட மருந்து என்பதை வாங்குபவர் அறியார். அறிந்தாலும், அரை நாள் கூலியை இழந்து வைத்தியரைப் பார்க்கப் போவதா என்ற கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருக்கும். அவரைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்தக் காகித உறைக்குள் இருப்பது இன்னதென்றும், அது உடலுக்குள் சென்று செய்யும் காரியம் இன்னதென்றும் அவருக்குச் சொல்லப்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

உடலின் ஓரிடத்தில் காயமோ, கிருமியோ, ஓயாத உராய்வோ நேரும்போது அவ்விடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ரோமாபுரியின் கெல்சஸ் என்ற ஆசிரியர் இந்நான்கு லக்ஷணங்களையும் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். தாபிதம் என்றும் அழற்சி என்றும் கூறப்படும் இந்நிலை, அடிப்படையில் ஒரு வியாதியன்று. பழுதுபட்ட இடத்துக்கு இரத்தத்தையும் வெள்ளணுக்களையும் கூடுதலாக வரவழைத்து, அவ்விடத்தை அசைக்காமல் வைத்திருக்கும்படி வலியினால் எச்சரித்து, பழுதுபார்க்கும் வேலையை நடத்துவதற்கு உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஏற்பாடு அளவு மீறும்போதும், வேலை முடிந்த பின்னும் அடங்காதபோதும்தான் அது உபாதையாகிறது.

இந்த ஏற்பாட்டில் முக்கியமான பங்கு வகிக்கும் ரசாயனப் பொருள்களுக்குப் புராஸ்டகிளாண்டின்கள் என்று பெயர். உயிரணுக்களின் மேலுறையில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு அமிலத்திலிருந்து, சைக்ளோ-ஆக்சிஜனேஸ் என்னும் நொதி இவற்றை உண்டாக்குகிறது. இவை தாமாக அதிக வலியைத் தருவதில்லை. நரம்பு நுனிகளைக் கூருணர்வு கொள்ளச் செய்து, சாதாரண நேரத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத அழுத்தத்தையும் அசைவையும் வலியாக உணரும்படி செய்கின்றன. வீங்கிய முழங்காலின் மேல் துணி பட்டாலும் நோவது இதனால்தான். மூளையில் இவையே ஜுரத்தை எழுப்புகின்றன.

மனிதன் வலி தணிக்கும் மருந்துகளைக் கண்டது இந்த விவரம் எதுவும் தெரியாமலேதான். இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் வில்லோ மரப்பட்டையின் பொடி ஜுரத்தைத் தணிப்பதை 1763 இல் ராயல் சொசைட்டிக்கு எழுதியனுப்பினார். 1828 இல் மியூனிக் நகரத்து புக்னர் அப்பட்டையிலிருந்து சாலிசினைப் பிரித்தெடுத்தார். 1876 இல் ஸ்காட்லாந்தின் மக்லகன் என்ற வைத்தியர் அதை மூட்டுவாத ஜுரத்துக்குக் கொடுத்துக் குணம் கண்டார். அதன் வழிவந்த சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புண்ணாக்கிற்று. அதைச் சற்றே மாற்றி, 1897 இல் பேயர் கம்பெனியின் ஆய்வுச்சாலையில் தயாரிக்கப்பட்ட பொருளே, 1899 முதல் ஆஸ்பிரின் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது மட்டும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் விளங்கவில்லை. 1971 இல் லண்டனில் ஜான் வேன் அதை விளக்கினார்: ஆஸ்பிரினும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் சைக்ளோ-ஆக்சிஜனேஸைத் தடுத்து, புராஸ்டகிளாண்டின்கள் உண்டாகாமலேயே செய்துவிடுகின்றன. இதற்காக 1982 இல் அவருக்கும், பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் ஆகிய ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் இருவருக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1969 இல் விற்பனைக்கு வந்த ஐபுபுரோபென், சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி கம்பெனி 1970களில் வெளியிட்ட டைக்ளோபினாக், பின்னர் வந்த அசிக்ளோபினாக், நிமிசுலைடு யாவும் ஒரே குடும்பம். எல்லாவற்றின் அடிப்படைத் தொழிலும் ஒன்றே. பாராசிட்டமால் மட்டும் சற்று விலகி நிற்கிறது. வலியையும் ஜுரத்தையும் தணிக்குமேயன்றி வீக்கத்தை அது அதிகமாகத் தொடுவதில்லை.

ஜான் வேன் கண்ட உண்மையில் மருந்தின் நன்மை மட்டுமன்றி அதன் தீமையும் அடங்கியிருந்தது. புராஸ்டகிளாண்டின்கள் வலிக்கும் மூட்டில் மட்டும் சுரப்பவை அல்ல. இரைப்பையின் உட்சுவரில் அவை சளிப்படலத்தைச் சுரக்கச் செய்து, அமிலம் சதையைத் தின்றுவிடாமல் காக்கின்றன. சிறுநீரகத்தில், இரத்தம் வரும் நுண்குழாயை விரித்து வைக்கின்றன. மருந்துக்கு இவ்விடம் அவ்விடம் என்ற பேதம் தெரியாது. வெள்ளம் புகுந்த ஒரு வயலுக்காக ஏரியின் தலைமதகையே அடைத்துவிட்டால், நாற்று நட்டு நீருக்குக் காத்திருக்கும் வயல்களும் சேர்ந்து காய்வதைப் போல, முழங்காலுக்கென்று விழுங்கிய மாத்திரை இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் தேவையான சுரப்பையும் நிறுத்திவிடுகிறது. ஆகவே பக்கவிளைவு என்று நாம் தனியே பிரித்துச் சொல்லுவது உண்மையில் தனியான விளைவன்று. வலியைத் தணிக்கும் அதே செய்கை வேறோர் உறுப்பில் எடுக்கும் வடிவம் அது.

இதை உணர்ந்தால், ஊசியைப் பற்றி நம்மிடையே நிலவும் ஒரு நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பது தெளிவாகும். மாத்திரை வயிற்றைக் கெடுக்கும், ஊசி கெடுக்காது என்று படித்தவர்கள்கூடச் சொல்லக் கேட்கிறோம். மாத்திரை இரைப்பையைத் தொடுவதால் மட்டும் அங்கே புண் உண்டாவதில்லை; மருந்து இரத்தத்தில் கலந்து, அவ்வழியே இரைப்பையின் சுவரை அடைந்து, அதன் காவலை நீக்குவதால்தான் பெரும்பாலும் உண்டாகிறது. ஊசியின் வழியே இரத்தத்தில் கலந்தாலும் முடிவு அதுவே. அதற்கு மேல் ஊசிக்கென்றே ஓர் ஆபத்தும் உண்டு: 75 மில்லிகிராம் டைக்ளோபினாக்கைப் புட்டத்தில் தவறான இடத்தில் செலுத்தினால், காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு தாக்குண்டு, பாதம் தொங்கிப்போய் நடை கெட்டவர்கள் உண்டு. இரைப்பைப் புண்ணின் இன்னொரு வஞ்சகத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வலிக்கு மருந்து உண்பவருக்குப் புண்ணின் வலியும் தெரிவதில்லை. கருந்தார் போன்ற மலம் கழிந்து, மயங்கி விழுந்த பிறகே இரத்தக் கசிவு வெளிப்படுவதும் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களும், முன்பே வயிற்றுப்புண் கண்டவர்களும் இதில் மிகுந்த ஜாக்கிரதையோடு இருக்க வேண்டும்.

சிறுநீரகத்தின் விஷயம் இதைக் காட்டிலும் நம் பகுதிக்கு நெருக்கமானது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமாக, இரு சிறுநீரகங்களின் வழியே ஓடுகிறது. நல்ல திடகாத்திரமாக, நீர் அருந்தி, நிழலில் இருக்கும் மனிதனுக்கு அவ்வோட்டத்தைக் காக்கப் புராஸ்டகிளாண்டின்களின் உதவி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அவன் இரண்டொரு நாள் மாத்திரை விழுங்கினாலும் பெரும்பாலும் ஒன்றும் நேராது. சித்திரை வெயிலில் காலையிலிருந்து களை வெட்டி, வியர்த்துக் கொட்டி, கழிப்பிடம் இல்லாத காட்டில் நீர் குடிக்கத் தயங்கி நாளைக் கழித்த ஒரு பெண்ணின் நிலை வேறு. உடலில் நீர் குறையும்போது, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் குறையாமலிருக்கும் பொருட்டு மற்ற இடங்களின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அந்தச் சமயத்தில் சிறுநீரகக் குழாய் மட்டும் சுருங்கிவிடாதபடி காத்து நிற்பவை புராஸ்டகிளாண்டின்களே. சரியாக அந்த மாலை நேரத்தில், உடம்பு வலிக்கென்று அவள் விழுங்கும் மாத்திரை அந்தக் காவலை அகற்றுகிறது. அவளே இரத்த அழுத்தத்துக்கு எனாலாபிரில் போன்ற மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டு வருபவளாக இருந்தால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைச் சில நாட்களிலேயே செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதை வைத்தியர்கள் நன்கறிவர்; செட் மாத்திரை கொடுப்பவர் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

சர்க்கரை நோயும் இல்லாமல், இரத்த அழுத்தமும் இல்லாமல், காரணம் விளங்காமல் உழவுத் தொழிலாளரின் சிறுநீரகம் பழுதடைவது உலகின் பல வெப்பப் பிரதேசங்களில் காணப்படும் துயரம். ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் ஜில்லாவின் உத்தானம் பகுதியிலும், இலங்கையில் அநுராதபுரத்தை உள்ளிட்ட வட மத்திய மாகாணத்திலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதைப் பற்றிப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். வெப்பம், நீரிழப்பு, குடிநீரில் கலந்த பொருள்கள், பூச்சிமருந்து என்று பல காரணங்கள் சந்தேகிக்கப்படுகின்றன. வலி மாத்திரைகளை ஓயாமல் உட்கொள்வதும் அவற்றுள் ஒன்று. அதுதான் காரணம் என்று தீர்ப்புக் கூற இன்னும் இடமில்லை. வெப்பத்தில் வாடிய சிறுநீரகத்தின் மேல் இன்னொரு சுமையை ஏற்றாதிருக்க, அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டைக்ளோபினாக் சிறுநீரகத்தைக் கெடுத்த வரலாறுகளுள் மிகக் கொடியது மனிதனைப் பற்றியதன்று. ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. செத்த மாடுகளைத் தின்று ஊரைச் சுத்தம் செய்த பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள், 1990களில் இந்தியாவெங்கும் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. ராஜஸ்தானத்தின் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் முதலில் அதைக் கவனித்து எழுதினார். வெண்முதுகுப் பாறு 1992 க்கும் 2007 க்கும் இடையில் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துபோயிற்று. 2004 இல் லிண்ட்சே ஓக்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பாகிஸ்தானத்தில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து மர்மத்தை விடுவித்தார்கள். பறவைகளின் ஈரலிலும் இதயத்தின் மேலும் யூரிக் அமிலம் வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. சிறுநீரகம் செயலற்றுப்போனதன் அடையாளம் அது. சாகுமுன் டைக்ளோபினாக் ஊசி போடப்பட்ட மாட்டின் இறைச்சியே காரணம். நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்நஞ்சு இருந்தாலே அவ்வினம் அழியப் போதும் என்று கணக்கிட்டார்கள். 2006 இல் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கை இந்திய அரசு தடை செய்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்தும் அவ்வாண்டிலேயே சோதித்து அறியப்பட்டது.

தடைக்குப் பிறகும் மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆகவே 2015 இல், ஒரு வேளைக்குரிய 3 மில்லிலிட்டருக்கு மேல் அடைத்து விற்கலாகாது என்று அரசு உத்தரவிட்டது. மருந்துக் கம்பெனிகள் வழக்காட, 2017 இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிலைநிறுத்தியது. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவையும் 2023 இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் எஞ்சிய பாறுகள் இன்று பெரும்பாலும் நீலகிரியின் அடிவாரத்தில், மோயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டி வாழ்கின்றன. மாட்டின் வலியைத் தணிக்கத் தந்த மருந்து இன்னொரு ஜீவனின் வம்சத்தை அழித்ததைக் கண்டுபிடித்து, மாற்று மருந்தும் கண்டு, சட்டமும் செய்ய நம்மால் முடிந்திருக்கிறது. மருந்துக்கடைக் காகித உறை விஷயத்தில் அத்தனை முனைப்பு இன்னும் நமக்கு வரவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

செட்டில் உள்ள அந்தப் பெயரற்ற சிறு மாத்திரைக்கு வருவோம். பல சமயங்களில் அது டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. 1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு இந்த இனத்தின் முதல் மருந்தான கார்ட்டிசோனைச் செலுத்த, சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். உலகமே வியந்தது, 1950 இல் நோபல் பரிசும் வந்தது. பின்னர்தான் அதன் விலை தெரிந்தது: முகம் உப்புதல், சர்க்கரை ஏறுதல், எலும்பு நொறுங்குதல், கிருமிகளை எதிர்க்கும் சக்தி குன்றுதல். நெடுநாள் உண்டவரின் அட்ரினல் சுரப்பி தன் தொழிலையே மறந்துவிடுவதால், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே மோசம் நேரலாம். தக்க வைத்தியர் கையில் இது அமிர்தம். ஆஸ்துமாவிலும் முடக்குவாதத்திலும் உயிர் காப்பது. வாதத்துக்கு நாட்டு மருந்து என்று கூறி விற்கப்படும் சில பொடிகளிலும் இதைக் களவாகக் கலப்பதுண்டு. எந்தப் பொடியாவது இரண்டே வேளையில் வலியை மாயமாய்ப் போக்கினால் அதைச் சந்தேகிப்பதே விவேகம். சித்த வைத்தியத்தின் உண்மையான தைலமும் ஒற்றடமும் அவ்வளவு அவசரப்படுவதில்லை.

வலி எல்லாம் ஒரு ஜாதியன்று என்பதே சிகிச்சையின் ஆரம்பம். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் இரவெல்லாம் எரியும் எரிச்சல் நரம்பின் பழுது. டைக்ளோபினாக் அதைத் தணிக்காது, சிறுநீரகத்தை மட்டும் வருத்தும். காலையில் எழும்போது இரு கை விரல்களும் ஒருமணி நேரம் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் மூட்டு சிதையாமலே தடுக்கும், ஆனால் அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டும். தினம் உண்டால் அதுவே எமனாகும். டெங்குக் காய்ச்சலின் உடம்பு வலிக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரோபெனும் இரத்தக் கசிவை அதிகமாக்கும், பாராசிட்டமால்தான் உரியது. 1964 இல் சென்னையிலும், 2006 இல் தமிழ்நாடு முழுவதும் பரவிய சிக்குன்குனியாவிலோ, ஜுரம் விட்டும் மாதக்கணக்கில் மூட்டுகள் நொந்தன. டெங்கு இல்லை என்று உறுதியான பிறகே அதற்கு வீக்கம் தணிக்கும் மருந்தை வைத்தியர்கள் கொடுப்பார்கள். கர்ப்பம் ஐந்து மாதத்தைக் கடந்தபின் இக்குடும்பத்து மருந்துகள் ஆகா. வைத்தியரே தரும் சிறு அளவு ஆஸ்பிரின் இதற்கு விலக்கு.

உழைப்பால் தேய்ந்த முழங்காலுக்கு வருவோமானால், அதற்கு மிகச் சிறந்த மருந்து தொடையின் முன்தசையை வலுப்படுத்துவதுதான் என்பது திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்டிருக்கிறது. நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, ஒரு காலை நேரே நீட்டி, தசையை இறுக்கி, ஐந்தெண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. ஆறு வாரமாவது விடாமல் செய்தால் படியேறும்போது வித்தியாசம் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் வீடு தேடி வருகிறார். மாத்திரை வாங்கிக்கொள்வதோடு நில்லாமல் அவரிடம் இந்தப் பயிற்சியைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கலாம். மருந்தும் வேண்டுமென்றால், டைக்ளோபினாக் களிம்பை முழங்காலின் மேல் தடவுவது நல்லது. அவ்விடத்துச் சதைக்கும் மூட்டுக்கும் மருந்து போதிய அளவு சேருகிறது, இரத்தத்திலோ விழுங்கிய மாத்திரையினால் சேர்வதில் சிறு பகுதியே சேருகிறது.

மாத்திரையே அவசியமாகும் நாட்களும் உண்டு. பல்வலியும், சுளுக்கும், சிறுநீரகக் கல்லின் வலியும் வந்தவனிடம் பொறுத்துக்கொள் என்று சொல்லுவது இரக்கமன்று. அப்போது உள்ளதில் குறைந்த அளவை, குறைந்த நாட்களுக்கு, உணவுக்குப் பின், நிறைய நீரோடு உண்ண வேண்டும். இக்குடும்பத்தில் இரண்டு மருந்துகளை ஒரே சமயத்தில் சேர்த்து உண்ணலாகாது. வாந்தியும் பேதியும் கண்ட நாளில் அறவே தொடலாகாது. ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுவதும், கொடுக்கும் மருந்து எத்தனை நாளைக்கு என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வதும், மூன்று மாதங்களுக்கு மேல் அடிக்கடி வலி மாத்திரை உண்டவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வதும் எந்தக் கூலித் தொழிலாளிக்கும் இயலக்கூடிய காரியங்களே.